லோடு இல்லாத நாளில் எடுத்த பதிவு

பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம், மண்டபம் ஊரில் இருந்த அந்த ஐஸ் கம்பெனிக்கு நான் முதல்முறை போனபோது மேனேஜர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, "சார் எப்ப வருவாரு?" என்று கேட்டார். சார் யாரும் வரமாட்டார், நான்தான் பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். அவர் என்னையும் என் தோள்பையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெஷின் ரூம் பக்கம் திரும்பி ஆபரேட்டரைக் கூப்பிட்டு, "இந்தம்மாவுக்கு என்ன வேணுமோ காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வந்தவருக்கு நாற்பது வயதுக்குக் கிட்டத்தட்ட இருக்கும். தங்கச்சிமடத்துக்காரர். பதினைந்து வருடம் கடலுக்குப் போனவர். வலை இழுக்கிற விஞ்சில் சிக்கி இடது கையில் இரண்டு விரல் போன பிறகு கரையில் வேலைக்கு வந்துவிட்டவர். அதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அவர் செய்தது ஒன்றுதான். பேனல் கதவு துருப்பிடித்துத் தானாக மூடிக்கொள்ளும். நான் வேலை முடிக்கிற வரைக்கும் அதைத் தன் முதுகால் தாங்கிக்கொண்டு நின்றார்.

மோட்டாரைத் திறக்காமல், அது இழுக்கிற மின்சாரத்தை மட்டும் வைத்து, உள்ளே என்ன கோளாறு என்று சொல்வது என் வேலை. மோட்டாருக்குப் போகிற மூன்று வயர்களில் ஒன்றைச் சுற்றிக் கிளாம்ப் மாட்டுவேன். அந்தக் கரண்ட் லேப்டாப்பில் படமாக வரும். நல்ல மோட்டார் என்றால் ஐம்பது ஹெர்ட்ஸில் உயரமாக ஒரு கோடு நிற்கும், சுற்றிலும் தரையோடு தரையாகப் புல் மாதிரிக் கொஞ்சம் இரைச்சல் இருக்கும். உள்ளே சுற்றுகிற ரோட்டாரில் ஒரு கம்பி உடைந்திருந்தால் அந்த உயரக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு சின்னக் கோடுகள் எழும்பும். பேரிங் தேய்ந்திருந்தால் வேறு இடங்களில் எழும்பும். எந்தக் கோடு எங்கே, எவ்வளவு உயரம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இதுல எது நல்லது, எது கெட்டது?" என்று கேட்டார். சொன்னேன். முதல் மெஷினில் முன்பக்கப் பேரிங் போய்க்கொண்டிருந்தது. ஒரு மாதத்துக்குள் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் நான் நயினார்கோவில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். அம்மா அப்பா அங்கேதான் வயல்காட்டோடு இருக்கிறார்கள். மாதம் இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். யாரோ, "தங்கச்சி" என்று கூப்பிட்டார்கள். திரும்பினால் அவர். செய்தித்தாளில் சுற்றிய கனமான ஒன்றைக் கையில் கொடுத்தார். பிரித்தால் பேரிங். வெளி வளையத்தின் உட்புறம் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழுந்திருந்தது.

"புதுசு வாங்க வந்தேன். கடைக்காரன்கிட்ட காட்டத்தான் கொண்டுவந்தேன். பஸ் ஸ்டாண்டுல உன்னையப் பாத்துட்டேன்" என்றார். "நீ சொன்ன இடத்துலயே போயிருக்கு பாரு. நீ திறக்காமச் சொன்னன்னு எங்க வீட்ல சொன்னேன். அவ நம்பல. ஒருநாளு வா, நீயே சொல்லு."

அப்படித்தான் அந்த வீட்டுக்குப் போனேன். பாம்பன் பாலத்தைத் தாண்டித் தங்கச்சிமடத்தில், சர்ச்சுக்குப் பின்னால் இரண்டு அறை உள்ள வீடு. அவர், அவர் மனைவி, ஒரே மகள். மகள் அப்போது நாலாம் வகுப்பு. அவள் என்னை யார் என்று கேட்கவே இல்லை, நேராக "அத்தை" என்று கூப்பிட்டாள். அப்பாவை அண்ணன் என்று கூப்பிடுகிறவள் அத்தைதானே என்று அவளாகவே கணக்குப் போட்டிருந்தாள். நான் அவர் மனைவியை மதினி என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. கல்யாணம் நடந்து இரண்டு வருடத்தில் அது வேண்டாம் என்று திரும்பி வந்தவள். ராமநாதபுரத்தில் மாடியில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தேன். மதுரையில் இருந்த ஒரு சின்ன டெஸ்டிங் கம்பெனிக்கு இந்தப் பக்கத்து வேலைகளை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐஸ் கம்பெனிகள், இறால் பண்ணைப் பம்புகள், குடிநீர்ப் பம்பு ரூம்கள். ஒரு நாளில் நான் பேசுவதில் பாதி லேப்டாப்போடுதான் இருக்கும். அந்த வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றும்போதே மதினி, "கைகால் கழுவிட்டு வாத்தா, உக்காரு" என்பார். கிறிஸ்துமஸுக்குப் போனேன், ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துக்குப் போனேன். மகளுக்குக் காய்ச்சல் என்றால் எனக்குப் போன் வரும். ஏழு வருடம் அப்படி.

வருடா வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஐஸுக்கு ஆள் இருக்காது. அப்போது கம்பெனியில் எல்லா மெஷினையும் பிரித்து மாட்டுவார்கள். நான் இரண்டு முறை போவேன். தடைக்காலம் முடிவதற்கு முன் ஒருமுறை, படகுகள் இறங்கி மெஷின்கள் முழு லோடில் ஓடத் தொடங்கிய பிறகு ஒருமுறை. இரண்டாவதாக எடுக்கிற பதிவுதான் உண்மையானது. லோடு குறைவாக இருக்கும்போது ரோட்டார் கிட்டத்தட்ட முழு வேகத்தில் சுற்றும். அப்போது கம்பி உடைந்திருந்தாலும் அந்தச் சின்னக் கோடுகள் நடுக்கோட்டோடு ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாது. லோடு ஏற ஏறத்தான் அவை விலகி வெளியே வரும். இந்த வேலைக்கு வருகிற யாருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிற விஷயம் இது.

அந்த வருடம் கம்பெனியில் செலவைக் குறைக்கிறோம் என்று ஒருமுறை வந்தால் போதும் என்றார்கள். எங்கள் மதுரை ஆபீஸும் சரி என்றது. நானும் சரி என்றேன்.

தடைக்காலம் முடிய இரண்டு வாரம் இருந்தது. முதல் மெஷினைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. இரண்டாவதில் இருந்தது பழைய மோட்டார். ரோட்டாரில் தாமிரக் கம்பிகள் போட்டது. ஐஸ் உறைகிற தொட்டியில் பாதிதான் தண்ணீர் இருந்ததால் ஆம்பியர் மீட்டரின் முள் முழு லோடில் நிற்க வேண்டிய இடத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நின்றது. நான் கிளாம்பை மாட்டி ஒரு சின்னப் பதிவு எடுத்தேன். படத்தில் உயரக் கோடு மட்டும் நின்றது.

அண்ணன் மீட்டரைப் பார்த்துவிட்டு, "லோடு கம்மியாத்தானே ஓடுது. மத்த மெஷினை நிப்பாட்டிட்டு, தொட்டிய நெப்பி, மொத்தத்தையும் இதுல ஏத்தட்டுமா? ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஆகும்" என்று கேட்டார்.

அப்போது மணி பன்னிரண்டரை. காலையிலேயே மதினி போன் செய்து, நண்டு வாங்கியிருக்கிறேன், ஒரு மணிக்கு இரண்டு பேரும் வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். பத்து நிமிடத்துக்கு முன்னால் அண்ணனுக்குத் திரும்பவும் போன் வந்திருந்தது. எனக்கும் காலையிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை.

"வேணாம்ணே. படம் சுத்தமா இருக்கு" என்றேன்.

கிளாம்பைக் கழற்றிப் பையில் போட்டேன். ஃபாரத்தில் லோடு என்ற கட்டத்தில் இருந்ததை இருந்தபடியே எழுதினேன். கடைசிக் கட்டத்தில் 'நல்ல நிலை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 'முழு லோடில் மறுபடி பார்க்க வேண்டும்' என்று ஒரு வரி எழுத அந்தக் கட்டத்தில் இடம் இருந்தது. அண்ணன் அந்தத் தாளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டினார். பிறகு அவருடைய வண்டியில் பாலத்தைத் தாண்டிப் போய்ச் சாப்பிட்டோம்.

படகுகள் கடலுக்குப் போய் நாலாவது நாள், திங்கட்கிழமை. நான் திருப்பாலைக்குடிப் பக்கம் ஒரு இறால் பண்ணையில் இருந்தேன். மதியம் மூன்று மணி இருக்கும். அண்ணன் கூப்பிட்டார். பின்னால் மெஷின் சத்தம் கேட்டது.

"தங்கச்சி, ரெண்டாவது மெஷின்ல சத்தம் ஒரு மாதிரியா இருக்கு. உம்முன்னு ஏறுது, பொறவு எறங்குது. சீராக் கேக்கல."

"மீட்டர் முள் எப்படி இருக்குண்ணே?"

"அதுவும் ஆடுது. வெடுக்கு வெடுக்குன்னு இல்ல. நிதானமா ஏறி எறங்குது."

"வோல்டேஜ்?"

"வோல்டேஜ் நிலையா நிக்குது. பாத்துட்டுத்தான் உன்னையக் கூப்புட்டேன்."

முழு லோடில் முள் நிதானமாக ஏறி இறங்கினால், வோல்டேஜ் நிலையாக இருந்தால், ரோட்டார் கம்பி உடைந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். லேப்டாப்பே வேண்டாம். அவர் வாயால் சொன்ன அந்த இரண்டு வரி போதும். அது அப்போதே என் தலைக்குள் வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

"நிப்பாட்ட முடியுமாண்ணே?" என்று கேட்டேன்.

"போட்டுகாரங்க வரிசையா நிக்கிறாங்க. ஒத்த மெஷின வச்சுச் சமாளிக்க முடியாது. மேனேஜரு நான் சொன்னா கேக்க மாட்டாரு. நீ சொன்னாக் கேப்பாரு. நீ ஒரு போன் போட்டுச் சொல்லுறியா?"

மூன்று வாரம்கூட ஆகவில்லை, 'நல்ல நிலை' என்று கையெழுத்துப் போட்டவள் நான். இப்போது போன் செய்து மெஷினை நிறுத்துங்கள் என்றால் மேனேஜர் கேட்கிற முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று தெரியும். மதுரைக்குப் போன் போகும். ஏழு வருடத்தில் அந்தக் கம்பெனியில் நான் சொன்னது ஒருமுறைகூடத் தப்பியதில்லை. நிறுத்தச் சொல்லி, திறந்து பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லாமல் போனால்? அல்லது இருந்தால்? இரண்டும் எனக்கு அவமானமாகத்தான் தோன்றியது.

"ரிப்போர்ட்டுல ஒண்ணும் இல்லையேண்ணே. நான் வியாழக்கிழமை வாரேன். முழு லோடுல வச்சுப் பாத்துட்டு நானே அவருகிட்ட நேர்ல சொல்லிர்றேன்."

"சரி தங்கச்சி. நீ ஒண்ணும் இல்லன்னாச் சரிதான்" என்றார். பிறகு, "சாப்புட்டியா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன்.

புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு மேனேஜர் போன் செய்தார். "ஆபரேட்டருக்குக் கரண்ட் அடிச்சிருச்சும்மா. ராமநாதபுரத்துக்குக் கொண்டுவாராங்க. நீங்க அங்கதான இருக்கீங்க, கொஞ்சம் போயிப் பாருங்க" என்றார்.

என் மாடி அறையிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரம்தான். ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே நான் அங்கே போய் நின்றேன். அது வந்தது. பின்கதவைத் திறந்தபோது அவசரமாக யாரும் இறங்கவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரில் அவருடைய வலது உள்ளங்கை மேல்நோக்கித் திறந்திருந்தது. நடுவில் காசளவு கருப்பு.

அவர் எப்போதும் மோட்டார் மேல் கையை வைத்துச் சூடு பார்ப்பார். ஒரு மணிக்கு ஒருதரம், இரண்டு மெஷினையும். தெர்மாமீட்டர் இருந்தாலும் கையை வைத்தால்தான் அவருக்குத் திருப்தி.

மதினியும் மகளும் பதினொன்றரைக்கு வந்தார்கள். அவர் இறந்ததைப் பஸ்ஸிலேயே யாரோ சொல்லியிருக்க வேண்டும். மதினி அழுது முடித்த முகத்தோடு வந்து, ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். மகள் என் மடியில் தலையை வைத்தாள். அவளுக்கு அப்போது பதினாறு வயது.

"நீ வந்துட்டியே, போதும்" என்றார் மதினி. "அந்த மெஷினுக்கு என்னாச்சுன்னு நீதான் பாத்துச் சொல்லணும். மத்தவன் எவன் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்."

நான் சரி என்று தலையாட்டினேன். அன்று பிணவறையில் கையெழுத்துப் போட்டது, சர்ச்சுக்குச் சொல்லி அனுப்பியது, வண்டி பிடித்தது எல்லாம் நான்தான். மறுநாள் தங்கச்சிமடத்தில் அடக்கம் நடந்தது. வீட்டு ஆளாக நினைத்து என்னை முன்வரிசையில் நிற்க வைத்தார்கள். ஃபாதர் ஜெபம் சொல்லி முடித்ததும் ஒவ்வொருவராக மண் அள்ளிப் போட்டோம். அது நான் மெஷின் பார்க்க வருகிறேன் என்று சொன்ன வியாழக்கிழமை.

மோட்டாரை ராமநாதபுரத்தில் மோட்டார்களுக்கு வயர் சுற்றிக் காயில் கட்டுகிற ஒரு பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஐந்தாம் நாள் அதைத் திறக்கும்போது நானும் போனேன். ரோட்டாரை உருவி எடுத்து மர அணையில் வைத்தார்கள். தாமிரக் கம்பிகளில் நாலு கம்பிகள் முனையில் விட்டிருந்தன. மூன்று கறுத்துப்போன பழைய உடைசல், ஒன்று பளபளவென்று புதுசு. விட்டுப்போன ஒரு கம்பியின் முனை சுற்றுகிற வேகத்தில் வெளியே நிமிர்ந்து, எதிரே இருந்த காயிலை அறுத்து இன்சுலேஷனைக் கிழித்திருந்தது. அந்த இடத்திலிருந்து மோட்டார் உடம்புக்குக் கரண்ட் வந்திருக்கிறது. எர்த் சரியாக இருந்திருந்தால் அந்தக் கரண்ட் தரைக்குப் போய், அந்த நொடியே பிரேக்கர் விழுந்து மெஷின் நின்றிருக்கும். ஆனால் ஐஸ் கம்பெனித் தரையில் எப்போதும் உப்புத்தண்ணீர் நிற்கும். மோட்டார் அடித்தளத்துக்குப் பின்னால் போன எர்த் பட்டை துருவேறி வெறும் செதிலாக இருந்தது. மண்டபத்தில் போய் நான் விரலால் தொட்டதும் உதிர்ந்தது. ஈரத்தரையில் நின்று அவர் சூடு பார்க்கக் கையை வைத்திருக்கிறார்.

பட்டறைக்காரர் அந்தப் பழைய உடைசல்களைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது இன்னைக்கு நேத்து விட்டதில்ல மேடம். ஆறு மாசமாவது ஆயிருக்கும்" என்றார். அதாவது நான் கிளாம்ப் மாட்டிய அன்றைக்கு மூன்று கம்பிகள் ஏற்கெனவே உடைந்திருந்தன.

அறைக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து அன்று எடுத்த பதிவைப் பார்த்தேன். நடுக்கோட்டைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். கோட்டின் அடியில், இரண்டு பக்கமும், கோடு கொஞ்சம் தடித்திருந்தது. தேடுகிறவளுக்கு மட்டும் தெரிகிற தடிப்பு. பதிவை நீளமாக எடுத்திருந்தால் அது பிரிந்திருக்கலாம். அண்ணன் கேட்டபடி லோடு ஏற்றியிருந்தால் விரல் நீளத்துக்கு எழும்பி நின்றிருக்கும். அடுத்த மூன்று நாட்கள் எப்படிப் போயின என்று எனக்கு நினைவு இல்லை. சாப்பிட்டேனா என்பதுகூட. பதிவை மூடுவேன், திறப்பேன், அதே தடிப்பைப் பார்ப்பேன்.

இதற்குள் விசாரணைக்கு எலக்ட்ரிகல் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். மேனேஜர் எழுதிக் கொடுத்ததில், ஆபரேட்டர் ரப்பர் பாயில் நிற்காமல் ஓடுகிற மெஷினைத் தொட்டது தவறு, பலமுறை சொல்லியும் கேட்கவில்லை என்று இருந்தது. மெஷின் நன்றாக இருந்ததற்கு ஆதாரமாக என் ரிப்போர்ட்டின் நகல் அதனுடன் இருந்தது. எங்கள் மதுரை முதலாளி போனில், "டெஸ்ட் பண்ணின நாளில் மோட்டார் நல்லா இருந்தது, அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை எழுதாத. உனக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல" என்றார். என் கையெழுத்தை வைத்து அண்ணன் மேல் பழியைப் போடுகிறார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நான் மூன்று பக்கம் எழுதினேன். லோடு எவ்வளவு இருந்தது, அந்த லோடில் எடுத்த பதிவு ஏன் செல்லாது, முழு லோடில் பார்க்கலாம் என்று ஆபரேட்டரே கேட்டது, நான் வேண்டாம் என்றது, திங்கட்கிழமை அவர் போனில் சொன்னது, நான் சொன்ன பதில், பட்டறையில் பார்த்தது, எர்த் பட்டையின் நிலை. இன்ஸ்பெக்டர் கையில் அதைக் கொடுப்பதற்கு முன்னால் மதினியிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. யாரோ சொல்லி அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரத்துக்குப் போனேன். மகள்தான் கதவைத் திறந்தாள். "அம்மா, அத்தை வந்துருக்காங்க" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். மதினி அடுப்படியிலிருந்து வந்து எதிரே உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தார். நான் குடிக்கவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். எழுதியதைப் படித்துக் காட்டவில்லை, வாயால் சொன்னேன். கோடுகளைப் பற்றிச் சொன்னபோது அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. திங்கட்கிழமை போனைப் பற்றிச் சொன்னதும் நிமிர்ந்தார்.

"அன்னைக்குச் சாயங்காலம் வந்து சொன்னாரு" என்றார். "மெஷினு சத்தம் சரியில்ல, தங்கச்சிகிட்ட கேட்டேன், ஒண்ணும் இல்லன்னுச்சு, வியாழக்கிழமை வருதாம், மீனு வாங்கி வைய்யின்னாரு. ரெண்டு நாளா மொகம் ஒரு மாதிரியா இருந்தவரு, அன்னைக்குத்தான் நல்லாத் தூங்குனாரு."

மதினி என் முகத்தைப் பார்த்தார்.

"உனக்குத் தெரிஞ்சிருச்சா? அவரு போன்ல சொன்னப்பவே?"

"தெரிஞ்சது மதினி."

"தெரிஞ்சு வியாழக்கிழமைன்னு சொன்ன."

"ஆமா."

அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானை நுனியை விரலில் சுற்றினார், பிரித்தார். அறைக் கதவோரம் மகள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது.

"நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார் மதினி. "எதுக்குத்தா வந்து சொன்ன? அவருதான் இல்ல. நீயாவது இருக்கியேன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

"அண்ணன் மேல தப்பு இல்லன்னு எழுதிருக்கேன் மதினி" என்றேன்.

"அவரு மேல தப்பு இல்லன்னு எனக்கு யாரும் எழுதித் தர வேணாம்" என்றார். பிறகு குரலை உயர்த்தாமல், "எந்திரிச்சுப் போத்தா" என்றார்.

எழுந்தேன். வாசலில் செருப்புப் போடும்போது மகளைப் பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் அத்தை என்று கூப்பிடவில்லை.

அன்று நான் மதினியிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. லோடு ஏற்றிப் பார்க்க வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம், அவர் வைத்திருந்த நண்டுக் குழம்பு ஆறிவிடும் என்பது. அந்த மூன்று பக்கத்திலும் அது இல்லை. சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதால் என்றுதான் எழுதினேன், யார் வீட்டுச் சாப்பாடு என்று எழுதவில்லை. அதை அவர் தெரிந்துகொண்டால் இனி அடுப்பைப் பற்றவைக்கும் போதெல்லாம் அதுதான் வரும். எனக்கு வருவது போதும்.

கடிதத்தைத் திங்கட்கிழமை கொடுத்தேன். மதுரையில் என்னை வேலையிலிருந்து நிற்கச் சொன்னார்கள். முதலாளி கோபமாகப் பேசவில்லை. "நீ நல்ல பொண்ணு, ஆனா உன்ன வச்சு இனிமே எவனும் எனக்கு வேலை தரமாட்டான்" என்றார். அது சரிதான். விசாரணையின் முடிவில் எர்த் பராமரிப்பு இல்லாததுதான் மரணத்துக்குக் காரணம், ஆபரேட்டர் மேல் குற்றம் இல்லை என்று எழுதினார்கள். குடும்பத்துக்குச் சேர வேண்டியது சேர்ந்தது என்று கேள்விப்பட்டேன். என் ரிப்போர்ட் பற்றி அதில் இரண்டு வரி இருந்தது: சோதனை போதுமான லோடில் நடத்தப்படவில்லை. எனக்குத் தண்டனை ஒன்றும் இல்லை. யாராவது தண்டனை தருவார்கள் என்று சில மாதங்கள் காத்திருந்தேன் போலிருக்கிறது. தபால்காரர் வண்டி வாசலில் நின்றால் எழுந்து வெளியே போவேன். ஒன்றும் வரவில்லை.

வேலையை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நயினார்கோவிலுக்குப் போய் இரண்டு மாதம் அம்மாவோடு இருந்தேன். ஒருநாள் பக்கத்து வயல்காரர் வந்து, போர்வெல் மோட்டார் அடிக்கடி டிரிப் ஆகி நின்றுவிடுகிறது, பாப்பா கொஞ்சம் பார்க்குமா என்று கேட்டார். மறுக்கத் தெரியாமல் போனேன். கிளாம்பை மாட்டிப் பதிவு எடுத்தேன். அவரை முழுத் தண்ணீர் எடுக்கச் சொல்லி, அரைமணி நேரம் ஓடவிட்டு, மறுபடி எடுத்தேன். பிறகும் ஒருமுறை எடுத்தேன். அவர் பொறுமையாக வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

இப்போது திரும்ப ராமநாதபுரத்துக்கு வந்து தனியாகத்தான் வேலை பார்க்கிறேன். வேலை குறைவு. லோடு இல்லாமல் பார்க்கச் சொன்னால் பார்ப்பேன், கடைசிக் கட்டத்தில் ஒன்றும் எழுதமாட்டேன். சிலர் கோபித்துக்கொள்வார்கள். போனில் யாராவது சத்தம் சரியில்லை என்றால் முதலில் நிறுத்துங்கள் என்பேன். நாலு முறைக்கு மூன்று முறை உள்ளே ஒன்றும் இருக்காது. அந்த அம்மா பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்கியாகிவிட்டது. அண்ணன் இருந்தால் இதைக் கேட்டுச் சிரிப்பார். சில நாள் மத்தியானம் மூன்று மணிக்குப் போன் அடித்தால் எடுப்பதற்கு முன் கொஞ்சம் நிற்கிறேன்.

போன மாதம் மண்டபம் பஸ் ஸ்டாப்பில் மதினியைப் பார்த்தேன். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு. மெலிந்திருந்தார். கையில் ஒரு ஒயர் கூடை. அவர்தான் முதலில் பார்த்தார், பார்த்துவிட்டு அப்படியே நின்றார். நான் கிட்டே போனேன்.

"வேலைக்குப் போறியா?" என்று கேட்டார்.

"போறேன் மதினி. நீங்க?"

"பள்ளிக்கூடத்துல சமையல் வேலை. இங்கனதான்."

"மக?"

"ராமநாதபுரத்துல காலேஜு. ஹாஸ்டல்ல இருக்கா."

அவள் என் தெருவைத் தாண்டிக்கூடப் போயிருக்கலாம். எந்தக் காலேஜ் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"வீட்டுக்கு வான்னு கூப்புட மாட்டேன்" என்றார் மதினி. "தப்பா நெனைக்காத. உன் மேல கோவம்னு இல்ல. கோவமெல்லாம் போயிருச்சு. நீ வந்து உக்காந்தா அவரும் கூட வந்து உக்காந்த மாதிரி இருக்கும். பொறவு நீ மட்டும் எந்திரிச்சுப் போவ."

"சரி மதினி."

"ஒடம்பப் பாத்துக்க. இப்படியா எளச்சுப் போவ."

ராமேஸ்வரம் பஸ் வந்தது. படிக்கட்டில் கூட்டம். அவர் கூடையை முன்னால் கொடுத்துவிட்டு ஏறினார். உள்ளே போய்ப் பாலத்துப் பக்கம் பார்த்த ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தது தெரிந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்து, "ஏறுங்கம்மா, எடம் இருக்கு" என்றார். பாம்பனில் ஒரு பம்பு ரூமில் எனக்காகக் காத்திருந்தார்கள். அந்த பஸ்ஸில்தான் நானும் போகவேண்டியிருந்தது. நீங்க போங்க என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.